மகஜரும் வாக்குரிமையும்



நமது சங்கக் காரியாலயத்திற்கு மாதந்தோறும் வருகின்ற கடிதங்களிற் பெரும்பாலன சிபார்சு வேண்டி வருவனவே. ஒருவர் தம் புதல்வனுக்கு உத்தியோகம் வேண்டுமென்று எழுதுகின்றார். மற்றொருவர் பட்டா மாறுதலுக்கு மேலிடத்திற்கு ஒரு வரி எழுதித் தரவேண்டுமென்கின்றார். பஞ்சாயத்தில் நியாயமாகக் கிடைக்கவேண்டிய குடிநீர்க் குழாய்க்குங்கூட, "பெரியவர்கள் யாரிடமாவது ஒரு கடிதம் வாங்கித் தந்தாற் போதும்" என்று கேட்போர் நம்மில் உளர். கேட்பவர்மீது நமக்கு வருத்தமில்லை. எனினும் பொதுவாழ்வில் ஒரு கடிதத்திற்கு எவ்வளவு வலிமை உண்டு, அதனால் ஆகாதது எது என்பதை நம் குடும்பத்தார் சிறிது ஆராய்ந்தறிதல் நன்றென்று கருதி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் சென்னை இராஜதானியில் நிகழ்ந்த சில அரசியற் கடிதங்களின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் வாழும் நமக்கு, தேர்தல் என்றவுடன் நினைவுக்கு வருவது வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரே. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பெற்ற அச்சாசனங்கள் குடவோலை முறையை விளக்குகின்றன. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு ஆட்களை அமைத்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கப்பட்டனர். முதற் சாசனம் முப்பது முதல் அறுபது வரை என்று வைத்த வயதெல்லையை, இரண்டே ஆண்டுகளில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று திருத்தினர். பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் இப்பண்பு போற்றத்தக்கதே.

ஆயினும் நாம் ஒன்றை மறைத்தலாகாது. அச்சபை பிரமதேயத்துச் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடைய அந்தணர் பெயர்களே குடத்தினுள் விழுந்தன. வயிரமேக தடாகத்தின் நீரைப் பாய்ச்சி ஏர் பிடித்தவர் பெயரோ, கரைக்கு மண் சுமந்தவர் பெயரோ, எவ்வருணத்துப் பெண்ணின் பெயரோ அவ்வோலைகளில் இல்லை. குடம் நம் ஊரில் இருந்தது. நம் ஓலை அதில் இல்லை. பின்வந்த ஆயிரம் ஆண்டுச் சரித்திரத்தை, யாருடைய ஓலை குடத்துள் விழுந்தது என்ற ஒரு கேள்வியைக் கொண்டே படித்துவிடலாம்.

ஆங்கில ஆட்சியில் குடத்தின் இடத்தை மகஜர் பிடித்தது. வாக்குரிமை அற்றவர்க்கு எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழி ஏது? 1893-ஆம் ஆண்டில், சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டுமென்று பிரிட்டிஷ் காமன்ஸ் சபை தீர்மானித்தது. காங்கிரஸ் அதனை வரவேற்றது. நம் செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளம் கிராமத்திற் பிறந்து, அவ்வாண்டிற்றான் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியிருந்த இரட்டைமலை சீனிவாசன் அதனை எதிர்த்தார். கல்வி ஒரு சாராரிடமே அடைந்து கிடக்கும் நாட்டில், அப்பரீட்சையால் அதிகாரம் முழுதும் அவர் கைக்கே செல்லுமென்பது அவர் வாதம். மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட நீண்ட விண்ணப்பமொன்று சென்னையிலிருந்து பார்லிமெண்டிற்குச் சென்றது. அவர் வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். ஆனால் அக்காகிதத்தின் அடியிற் கையொப்பமிட்டவர் தாமே தம் பெயரால் பேசினர் என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இருபதாண்டு கழித்து அதே கேள்வி வேறு உருவில் வந்தது. 1913-இல் பொது உத்தியோகங்களைப் பற்றி விசாரித்த ராயல் கமிஷன் முன், சென்னை சர்க்கார் அதிகாரியாகிய அலெக்ஸாண்டர் கார்டியூ என்பவர் சாட்சியம் அளித்தார். நிரந்தர ஜில்லா முன்சீபுகள் 128 பேரில் 93 பேர் பிராமணர் என்பது அதில் வெளிப்பட்ட கணக்குகளுள் ஒன்று. 1916 நவம்பரில் பிட்டி தியாகராய செட்டியார், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் முதலியோர் சென்னையிற் கூடி அமைத்த இயக்கமே பின்னர் ஜஸ்டிஸ் கட்சி எனப் பெயர் பெற்றது. டிசம்பரில் தியாகராயர் கையொப்பத்துடன் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை, மேற்குறித்த கணக்குகளை எடுத்துக்காட்டி, ஹோம் ரூல் கிளர்ச்சியை எதிர்த்தது. 1917-இல் 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையும் 'திராவிடன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையும் தோன்றின.

அக்காலத்தில் ஹோம் ரூல் இயக்கத்தை நடத்தியவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1917 ஜூன் மாதத்தில், கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் சர்க்கார் அம்மையாரையும், அருண்டேல், வாடியா என்னும் இருவரையும் காவலில் வைத்தது. சிறைவாயிலில் கூட்டங்கூடிப் பயனில்லை. லண்டனுக்கு எழுதியும் பயனில்லை என்ற நிலையில், இயக்கத்தின் கௌரவத் தலைவராயிருந்த ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர் ஒருவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மதுரையில் 1842-இற் பிறந்து, சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாகவும் தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் இருந்து ஓய்வு பெற்ற அப்பெரியார், 1917 ஜூன் 24-ஆம் தேதியிட்டு, ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகிய வுட்ரோ வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தபாலிற் போட்டாற் போய்ச் சேராதாகையால், ஹாட்ச்னர் என்னும் பிரம்மஞான சங்கத்துத் தம்பதிகள் அதனை எடுத்துச் சென்றனர்.

அமெரிக்கா அவ்வருஷம் ஏப்ரல் மாதத்திற்றான் மகாயுத்தத்திற் புகுந்திருந்தது. ஜனநாயகத்திற்கு உலகில் அச்சமற்ற இடம் வேண்டுமென்பதே தம் நோக்கமென்று வில்ஸன் அறிவித்திருந்தார். அங்ஙனமாயின் இந்தியாவும் அவ்வுலகில் அடங்கியதன்றோ என்பதே மணி ஐயர் கேள்வி. அன்னிய ஆட்சியின் குறைகளையும், பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டதையும் எடுத்துரைத்து, சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால் மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் போர்வீரரையும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் ஐம்பது லட்சம் பேரையும் இந்தியா அளிக்க முன்வருமென்று அவர் எழுதினார்.

1917 ஆகஸ்டு 20-ஆம் தேதி, பொறுப்பாட்சியைப் படிப்படியாக அளிப்பதாக இந்தியா மந்திரி மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் அம்மையார் விடுதலை பெற்றார். கடிதத்தின் செய்தியோ அமெரிக்கப் பத்திரிகைகளிற் பரவிற்று. 1918 ஜூன் மாதத்தில் காமன்ஸ் சபையில் கேள்வி எழுந்தபோது, மாண்டேகு அக்கடிதத்தைக் கடுஞ்சொற்களாற் கண்டித்தார். எழுதியவர் வகித்த பதவியால் குற்றம் பெரிதாயிற்று என்பது அவர் கருத்து. மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. தம் 'ஸர்' பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். எழுபத்தைந்து வயதிற் பட்டத்தை உதறிய அத்துணிவு, கட்சி வேற்றுமை பாராட்டாது எவரும் வணங்கத்தக்கது. 1924 டிசம்பரில் அவர் காலமானார்.

இனி, நமக்குரிய கேள்விக்கு வருவோம். ஐம்பது லட்சம், பின்னும் ஐம்பது லட்சம் என்று எழுதினாரே, அவ்வீரர் யாவர்? அவர்கள் ஹைகோர்ட்டு வக்கீல்களின் புதல்வரா? அல்லர். மதுராந்தகத்திலும், செய்யாற்றிலும், பஞ்சாபத்துக் கிராமங்களிலும் கலப்பை பிடித்திருந்த உழவர் பிள்ளைகளே. அவர்களை எவரேனும் கேட்டதுண்டா? வாக்குரிமையற்ற தாய் ஒருத்தியின் சம்மதத்தை எவரேனும் பெற்றதுண்டா? நாட்டின் மீதுள்ள அன்பினாலேயே அப்பெரியார் எழுதினார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கேளாதவர் பெயரால் கொடை அளிப்பது, நல்லெண்ணத்தினும் மேற்பட்ட ஒரு வழக்கமாக நாட்டில் வேரூன்றியிருந்தது.

இக்குற்றம் ஒரு கட்சியார்க்கே உரியதென்று நாம் எண்ணலாகாது. ஜஸ்டிஸ் கட்சியாரும் கோடிக்கணக்கான பிராமணரல்லாதார் பெயரால் எழுதினர். அக்கோடியுள் ஜமீன்தாரும் இருந்தனர், அவர் நிலத்திற் கூலிக்கு உழைத்தவரும் இருந்தனர். இருவர் குறையும் ஒன்றாகுமா? டாக்டர் நாயர் 1917 அக்டோபரில் ஸ்பர்டாங்கில் தாழ்த்தப்பட்டார் நடுவே நின்று பேசினார் என்பது உண்மை. ஆனால் கட்சியின் செல்வாக்குப் பெரும்பாலும் நிலமும் பொருளும் உடையாரிடமே நின்றது. பிராமணரல்லாதாரிலேயே காங்கிரஸை விட்டு விலக மனமில்லாதவர், கேசவ பிள்ளை முதலியோர் தலைமையில், 1917-இல் சென்னை மாகாணச் சங்கம் கண்டனர். ஆகவே 'நாங்கள் அனைவரும்' என்று எவர் எழுதினும், அவ்வனைவருள் வேறு எண்ணமுடையாரும் இருந்தனர்.

வில்ஸனுடைய நாட்டிலேனும் நிலைமை வேறாயிருந்ததா? அதனையும் சிறிது காண்போம். அங்கு ஒவ்வொரு ராஜ்யத்திலும் கட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்த தலைவர்கள், உத்தியோகங்களைக் கடிதங்களால் பங்கிட்டனர். வில்ஸன் கல்லூரித் தலைவராயிருந்து நியூ ஜெர்ஸி ராஜ்யத்தின் கவர்னர் ஸ்தானத்திற்கு 1910-இல் நின்றபோது, அவரைக் கொணர்ந்து நிறுத்தியவர் ஜேம்ஸ் ஸ்மித் என்னும் அத்தகைய தலைவரே. வென்றபின், ஸ்மித் தமக்கு செனட் ஸ்தானத்தை விரும்பினார். அக்காலத்தில் செனட் அங்கத்தினரை ராஜ்யச் சட்டசபைகளே தெரிந்தெடுத்தன. வில்ஸன் தம்மை உயர்த்தியவரையே எதிர்த்து நின்று, 1911-இல் மார்ட்டின் என்பவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். 1913-இல் அரசியற் சட்டம் திருத்தப்பட்டு, செனட் அங்கத்தினரை ஜனங்களே நேரில் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. எனினும் தென்னாட்டு ராஜ்யங்களில், எழுத்தறிவுச் சோதனை, தலைவரி முதலிய தந்திரங்களால் நீக்ரோவரென அந்நாளில் அழைக்கப்பெற்ற கறுப்பின மக்களைப் பல ஆண்டுகள் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தினர். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே அத்தடைகள் தளர்ந்தன. விடுதலைக்காக மணி ஐயர் வேண்டிக்கொண்ட நாட்டிலும் குடத்தில் ஓலையில்லாதார் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

இங்கு, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி முதற் பொதுத் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தது. கிராமத்தில் ஆண்டுக்குக் குறைந்தது பத்து ரூபாய் நிலவரி செலுத்துபவர்க்கே பொதுவாக வாக்கு. நாலு கோடி ஜனங்களில் வாக்காளர் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம்; அவருள்ளும் நாலில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பால் பிராமணரல்லாதார்க்கு 28 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஜஸ்டிஸ் கட்சி வென்றது. தியாகராயர் முதன் மந்திரி பதவியை ஏலாமையால் சுப்பராயலு ரெட்டியாரும், அவர்க்குப் பின் 1921-இல் பனகால் அரசரும் அப்பதவியை வகித்தனர். தாழ்த்தப்பட்டார் பிரதிநிதியாக எம். சி. ராஜா நியமனம் பெற்றார். பெண்கட்கும் வாக்குரிமை உண்டென்று 1921-இல் சென்னைச் சட்டசபை தீர்மானித்தது. அவ்வாண்டின் வகுப்புவாரி உத்தரவு, உத்தியோகங்களைப் பல வகுப்பார்க்கும் பகிர வழிகோலியது.

கட்சி ஆட்சி வந்தவுடன் நம்மவர் கையிலும் சிபார்சுக் கடிதம் ஏறிற்று. ஸ்தல ஸ்தாபனங்களின் நியமன ஸ்தானங்கள் மந்திரிகளின் தயவில் இருந்தமையால், நேற்றுவரை குறை கூறியவரே இன்று கடிதம் ஏந்தி நின்றனர். கிடைத்தவர் கட்சியிலிருந்தனர், கிடையாதவர் விலகினர். 1923 நவம்பரில், கட்சியிலிருந்து பிரிந்த சி. ஆர். ரெட்டி கொணர்ந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 65-க்கு 44 என்ற வாக்குகளால் தோல்வியுற்றது. மந்திரிசபை பிழைத்தது, கட்சியோ பிளவுற்றது. தனியார் கடிதத்தின் வலிமையைக் குறைக்க ஏற்பட்ட பொது விதியே நிலைத்த பயனைத் தந்தது. 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சென்னை சர்வீஸ் கமிஷன், யாருடைய பிள்ளை என்று கேளாமல் என்ன படித்தாய் என்று கேட்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது. அமெரிக்காவும் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வழியிற் சென்றதே.

காங்கிரஸினுள்ளும் இக்கேள்வி ஓயவில்லை. 1925 நவம்பரில் நம் காஞ்சிபுரத்தில் திரு. வி. கலியாணசுந்தர முதலியார் தலைமையில் கூடிய மாகாண மகாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அநுமதிக்கப்படாது போகவே, ஈ. வெ. ராமசாமி நாயக்கர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதன்பின் தமிழ்நாட்டு அரசியல் சென்ற திசை யாவரும் அறிந்ததே.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய விவாதம் எழுந்தபோது, டி. பிரகாசம் நம் உத்திரமேரூர்ச் சாசனத்தை எடுத்துக்காட்டிப் பேசினார். அதே மாதத்தில் டாக்டர் அம்பேத்கர், பழைய கிராமத்தைப் புகழ்வது தகாதென்றும், குறுகிய நோக்கும் சாதிக் கொடுமையும் அங்கே குடிகொண்டிருந்தன என்றும் வன்மையாக மறுத்திருந்தார். நம் ஊரின் சுவரைப் பற்றி இருவர் கூற்றும் மெய்யே. பஞ்சாயத்து அமைக்கவேண்டுமென்பது அரசியற் சட்டத்தின் நாற்பதாம் விதியாயிற்று. வயது வந்த ஒவ்வொருவர்க்கும் வாக்கு என்பதும் சட்டமாயிற்று. முதன்முறையாக எல்லார் ஓலையும் குடத்தில் விழுந்தது.

1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களிற் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. அதே பிரகாசம், எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்த்து, தமக்கு 166 பேர் ஆதரவுண்டென்று கவர்னர்க்குத் தெரிவித்தார். கவர்னர் ஸ்ரீபிரகாசரோ, தேர்தலில் நில்லாத இராஜாஜியை மேற்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். வட தமிழ் ஜில்லாக்களில் வகுப்பின் பெயரால் நின்று வென்ற உழைப்பாளர் கட்சிக்குப் பத்தொன்பது ஸ்தானங்களும், காமன்வீல் கட்சிக்கு ஆறும் கிடைத்திருந்தன. காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் 1952-இலும், உழைப்பாளர் கட்சித் தலைவர் இராமசாமி படையாட்சியார் 1954-இலும் மந்திரியாயினர். சங்கமாகத் திரண்டவர்க்கு வாக்குத் தந்த பலன் அது. ஆனால் வாக்களித்த கிராமத்தாரைப் பின்னர்க் கேட்டார்களா என்ற பழைய கேள்வி அங்கும் நிற்கின்றது.

அன்பர்காள்! இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கன சில. மணி ஐயர் கடிதம் ஒரு பேரரசை அசைத்தது. எனினும் ஓர் ஏழைக்கு வாக்கு வாங்கித் தரவில்லை. சீனிவாசனார் விண்ணப்பம் ஒரு சட்டத்தையும் உடனே மாற்றவில்லை. எனினும் கையொப்பமிட்டவரைத் தம் பெயரால் பேசப் பழக்கிற்று. இவ்விரண்டில் நமக்கு வழிகாட்டியாவது பின்னதே.

ஆதலின் சங்கத்தார்க்கு நாம் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில், சங்கத்தின் பெயரால் எம்மகஜர் எழுதினும், அதனை அனுப்புமுன் அவ்வவ்வூர்க் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும். பெண்டிரும், நிலமற்றாரும் அக்கூட்டத்தில் இருத்தல் வேண்டும். ஏலாதார் இத்தனை பேர் என்பதையும் எழுதுதல் வேண்டும். வெறுங் காகிதத்தில் கையொப்பமிடுதலும், பணத்திற்கு வாக்களித்தலும் நம் வீட்டில் நிகழலாகா. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத் திருத்தத்தால் கிராம சபை உரிமை பெற்றுள்ளது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளிற் பெண்களுக்குப் பாதி ஸ்தானம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டாயிற்று. அக்கிராம சபைக்குச் செல்லாது, சிபார்சுக் கடிதத்திற்காகக் காத்து நிற்பது, குடத்தில் நம் ஓலை கிடக்க, அதை மறந்து பிறர் வாசலில் நிற்பதையே ஒக்கும்.

நம் வீடுகளிற் பெட்டிக்கடியில் கிடக்கும் பழைய கடிதங்களும், மகஜர் நகல்களும், வாக்காளர் ரசீதுகளும் எரிக்கப்படாமல் காக்கப்படல் நன்று. கணக்குக் காட்டாதவரை விலக்கிய ஊர் நம் ஊர். நம் பெயரால் எழுதுவோரிடம் கணக்குக் கேட்கும் உரிமை அன்று சிலர்க்கே இருந்தது. இன்று அது நம் அனைவர்க்கும் உளது. அவ்வுரிமையை நாம் வழங்காவிடின், நம்மைக் கேளாமலே நம் பெயரால் மீண்டும் கடிதம் எழுதப்படும். அன்று எவரையும் நோவதிற் பயனில்லை.